பாதத்தை மட்டும் விட்டுவிடும் வீக்கம்

(மூன்றாம் ஆண்டு மாணவி, ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும் எங்கள் பிரிவில் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக் கொண்டார்கள். சாயக் கழிவு, நூல் முறுக்கம், ஏற்றுமதி வாய்ப்பு... நான் ஒரு நோயைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "நீ படிக்கிறது டெக்ஸ்டைலா, நர்சிங்கா?" என்று ஒரே கேலி. கேட்டதில் தப்பில்லை. ஆனால் இந்த நோயைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது. தினசரி சிகிச்சையாக மருத்துவர்கள் கொடுப்பதே ஒரு பின்னலாடைதான்! அதுவும் நம் லேபில் மூலையில் தூசி படிந்து கிடக்கிறதே, அந்த பிளாட் நிட்டிங் மெஷின் ஜாதியில் பின்னப்படுவது. போதாததற்கு, இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்குவது வயதுக்கு வரும் பருவத்தில். அதாவது இந்த மலரைப் புரட்டும் மாணவிகளில் யாருக்காவது இது ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம். அவருக்கே அது நோய் என்று தெரியாமல் இருக்கலாம்.

நோயின் பெயர் லிப்பிடீமா. கிரேக்க மொழியில் 'லிப்போஸ்' என்றால் கொழுப்பு, 'ஒய்டீமா' என்றால் வீக்கம். தமிழில் கொழுப்பு வீக்கம் என்று சொல்லிக் கொள்ளலாம். பெயரில் வீக்கம் என்று இருந்தாலும் உள்ளே தேங்கியிருப்பது நீர் அல்ல. அதனால் 'எடீமா' என்ற பின்பாதியே பொருந்தவில்லை என்று இன்று பல நிபுணர்கள் சொல்கிறார்கள். பெயர் வைத்தது வைத்தாகிவிட்டது, நாமும் அப்படியே அழைப்போம்.

நம் எல்லோருக்கும் தோலுக்கு அடியில் ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. குளிரைத் தாங்கவும், அடிபட்டால் மெத்தை போல் காக்கவும், பட்டினிக் காலத்துக்குச் சேமிப்பாகவும் உடம்பு அதை வைத்துக் கொண்டிருக்கிறது. லிப்பிடீமா வந்தவர்களுக்கு இந்தப் படலம் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களிலும் ஒரே சீராகப் பெருக்கிறது. சிலருக்குக் கைகளிலும் வரும். கணுக்காலுக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிடுகிறது. பாதம் எப்போதும் போல் மெலிந்தே இருக்கும். பேண்டின் அடியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் துணி அதன் மேல் தொங்கி நிற்குமே, அந்த மாதிரி கணுக்காலில் ஒரு மடிப்பு விழும். கையில் வந்தால் மணிக்கட்டோடு நின்றுவிடும். இடுப்புக்கு மேலே ஒல்லியாக இருப்பவர்கூட இடுப்புக்குக் கீழே வேறு ஒருவருடைய உடம்பு போல் இருப்பார். ரவிக்கை ஒரு அளவு, சுடிதார் பேண்ட் மூன்று அளவு பெரிது!

உருவம் மட்டும் என்றால் இதை நோய் என்று சொல்ல வேண்டியதில்லை. வலிக்கிறது. விரலால் அழுத்தினால் வலி, குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்தால் வலி, சாயங்காலம் ஆனால் கால் இரண்டும் ஈரமணல் மூட்டை போல் கனம். லேசாக இடித்துக் கொண்டாலும் கன்றிப்போய் நீலம் பாய்ந்துவிடும். எங்கே இடித்தோம் என்றே நினைவிருக்காது. 2024ல் ஜெர்மனியில் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இந்த வலிதான் முக்கிய அடையாளம். வலி போன்ற தொந்தரவு எதுவும் இல்லாமல் கால் மட்டும் பருமனாக இருந்தால் அது லிப்பிடீமா இல்லை. அது அவருடைய உடல்வாகு, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு விடுதியில் ஒருவர் காலை ஒருவர் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதை முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.

ஏன் வருகிறது? அடிப்படைக் காரணத்தை மருத்துவம் இன்னும் முழுதாகப் பிடித்துவிடவில்லை. ஆனால் வரும் நேரத்தைப் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கிறது. வயதுக்கு வரும்போது, கர்ப்பம் தரிக்கும்போது, மாதவிடாய் நிற்கும்போது. மூன்றுமே ஹார்மோன்கள் மாறும் சமயங்கள். பாட்டி, அம்மா, மகள் என்று ஒரே குடும்பத்தில் வருவதும் உண்டு. ஆண்களுக்கு மிக மிக அபூர்வம். "எங்கம்மா வழியில எல்லாருக்கும் உரல் கால்தான்" என்று நம் வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்வதில் ஒரு பகுதியாவது இந்த நோயாக இருக்கும் என்பது என் ஊகம்.

மருத்துவ உலகம் இதைக் கண்டுகொண்டது 1940ல். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் உள்ள மேயோ கிளினிக்கில் ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்து எழுதினார்கள். 1951ல் வோல்ட் என்பவரும் சேர்ந்து 119 நோயாளிகளைப் பற்றிய விவரங்களை வெளியிட்டார்கள். அதில் உள்ள அடையாளங்கள் பெரும்பாலும் இன்றும் செல்லுபடியாகின்றன. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கென்று தனி எண் கிடைத்தது பதினோராம் பதிப்பில்தான். அந்தப் பதிப்பு நடைமுறைக்கு வந்தது 2022ல். பெயர் வைத்து எண் கொடுக்க எண்பத்திரண்டு வருடம்! பட்டியலில் இல்லாத நோயைப் பாடப்புத்தகம் பெரிதாகச் சொல்லாது. பாடப்புத்தகம் சொல்லாததை டாக்டர் எப்படித் தேடுவார்?

இனி என் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் அக்கா. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். முதல் பிரசவத்துக்குப் பிறகு கால் பருக்க ஆரம்பித்ததாம். டேபிள் விளிம்பு தொடையில் பட்டுப் பட்டு எப்போதும் நீலத் திட்டுகள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான் என்பதால் எல்லோருடைய ஆஸ்பத்திரிச் சீட்டும் என் கைக்கு வந்துவிடும். துணைக்குப் போவதும் நான்தான். அப்படி அத்தையோடு அலைந்ததில்தான் இந்தக் கட்டுரையில் பாதியைக் கற்றுக் கொண்டேன்.

முதலில் பார்த்த டாக்டர் நாற்காலியில் இருந்து எழவே இல்லை. "சோத்தைக் குறைம்மா, நடம்மா" என்றார். அத்தை சொன்னதைச் செய்கிறவர். ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். ஒன்றரை வருடம்! முகம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிந்து, ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று ஆகிவிட்டது. கால் மட்டும் அங்குலம்கூடக் குறையவில்லை. கடைசியில் ரத்தசோகை வந்து மெஷின்காரப் பையன்கள் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். மறுபடியும் அதே டாக்டர். "நீ ஒளிச்சு வச்சுத் தின்னா நான் என்ன பண்றது?" என்று கேட்டார். அத்தை வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, "கண்ணு, நான் அப்படியா தின்னேன்?" என்று என்னிடம் கேட்டார். பட்டினி கிடந்ததற்கு நாங்கள் எல்லோரும் சாட்சி. ஆனால் அன்றைக்கு அவரிடம் சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

காரணம் இப்போது தெரியும். லிப்பிடீமாவால் பெருத்த கொழுப்பு சாதாரணக் கொழுப்பைப் போலப் பட்டினிக்கு இணங்குவதில்லை. சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு முகத்திலிருந்தும் மார்பிலிருந்தும் தோளிலிருந்தும் எடுத்துக் கொள்கிறது. நோய் பிடித்த பகுதியில் கை வைப்பது ரொம்பக் குறைவு. அதனால் சாப்பாட்டுக் கட்டுப்பாடே வேண்டாம் என்று அர்த்தம் அல்ல. இந்த நோயோடு உடற்பருமனும் சேர்ந்து கொண்டால் வலியும் நடை சிரமமும் கூடும். அதனால் எடை ஏறாமல் பார்த்துக் கொள்வது நல்லதுதான். பட்டினி கிடந்து காலை மெலிய வைக்க முடியாது என்பதுதான் விஷயம்.

அடுத்து வந்தது யானைக்கால் என்ற சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தள்ளி வைக்க ஆரம்பித்தார்கள். (யானைக்கால் தொட்டால் ஒட்டாது; குடத்தால் ஒட்டாது. கொசு கடித்துத்தான் வரும். இது ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தெரிய வேண்டியது.) நம் தமிழ்நாட்டில் காலம் காலமாக யானைக்கால் இருந்து வந்ததால், பருத்த கால் என்றாலே நம்மவர்களுக்கு அந்த ஞாபகம்தான். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

உடம்பில் ரத்தக் குழாய்களைத் தவிர நிணநீர்க் குழாய்கள் என்று ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. ரத்தக் குழாயிலிருந்து கசியும் நீரை அள்ளிக்கொண்டு போய் மறுபடியும் ரத்தத்தில் சேர்ப்பது அதன் வேலை. இதற்கு இதயம் மாதிரி ஒரு பெரிய பம்ப் கிடையாது. குழாய்களின் சுவரே மெல்லச் சுருங்கித் தள்ளும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதையும் சேர்ந்து பிழியும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு இருக்குமே, அது போல வழிநெடுக வால்வுகள் இருந்து, ஏறிய நீர் இறங்காமல் தடுக்கும். யானைக்கால் புழு இந்த நிணநீர்க் குழாயில் குடியேறி அதைக் கெடுத்துவிடுகிறது. சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. குழாய் கெட்டால் நீர் தேங்கும். தேங்குவது பாதத்தில் ஆரம்பிக்கும், விரல்கள்கூடத் தடித்துப் போகும். பெரும்பாலும் ஒரு கால் பெரிதாகவும் ஒரு கால் சிறிதாகவும் இருக்கும். ஆண், பெண் இருவருக்கும் வரும். லிப்பிடீமாவில் இரண்டு காலும் ஒரே அளவு, பாதம் தப்பிக்கும், வருவது பெண்களுக்கு.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் செய்யும் ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. கருவி எதுவும் வேண்டாம். காலின் இரண்டாவது விரல், அதாவது பெருவிரலுக்கு அடுத்த விரல், அதன் அடிப்பகுதியில் மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்க வேண்டும். தோல் மடிந்து தூக்க வந்தால் பாதத்தில் நிணநீர்த் தேக்கம் இல்லை என்று ஓரளவு நம்பலாம். தடித்துப்போய்த் தூக்கவே வராவிட்டால் தேக்கம் இருக்கிறது. ஸ்டெம்மர் என்ற மருத்துவர் 1976ல் எழுதியதால் ஸ்டெம்மர் அடையாளம் என்று பெயர். லிப்பிடீமாவில் தோல் சுலபமாகத் தூக்க வரும். ஆனால் லிப்பிடீமா முற்றிப்போய் அதோடு நிணநீர்த் தேக்கமும் சேர்ந்துவிட்டால் பாதமும் வீங்கலாம். அப்போது இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

இதயம், சிறுநீரகம் கெட்டால் வரும் கால் வீக்கம் வேறு. அதில் பாதமும் வீங்கும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் மாவில் அழுத்தியது போல் குழி விழுந்து மெதுவாக நிரம்பும். திடீரென்று அப்படி வீங்கினாலோ, ஒரு கால் மட்டும் சூடாக வீங்கி வலித்தாலோ இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அத்தைக்கு யானைக்கால் ரத்தச் சோதனையும் நடந்தது. அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். அதனால் இரவு பத்து மணிக்கு மேல் ரத்தம் எடுப்பார்கள். இல்லை என்று வந்தது. அப்படியும் இன்னொரு டாக்டர் சந்தேகத்தின் பேரில் யானைக்கால் மாத்திரையைக் கொடுத்தார். வாந்தியும் தலைச்சுற்றலும்தான் மிச்சம். (அரசாங்கம் ஊருக்கெல்லாம் சேர்த்துக் கொடுக்கும் யானைக்கால் தடுப்பு மாத்திரையைச் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஊரில் பரவாமல் தடுக்க. அதைக் கட்டாயம் சாப்பிடுங்கள். கொழுப்பு வீக்கத்தை அது கரைக்காது, அவ்வளவுதான்.)

நான்காவது இடத்தில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் ஒரு டாக்டரம்மா. அவர் காலைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "உங்க செருப்பு சைஸ் மாறியிருக்காம்மா?" கல்யாணத்தின்போது போட்ட அதே ஆறாம் நம்பர்தான் என்றார் அத்தை. "உங்கம்மாவுக்கு எப்படி?" அவருக்கும் இதே கால்தான். அதற்குப் பிறகுதான் பாதத்தைப் பார்த்தார், தோலைக் கிள்ளினார், மெல்ல அழுத்தினார். அழுத்தும்போதே "வலிக்கும்னு தெரியும், மன்னிச்சுக்கங்க" என்றார். சீட்டில் நோயின் பெயரை எழுதி, "இது நீங்க தின்னு வந்ததில்லைம்மா" என்றார். முதல் டாக்டர் திட்டியபோது அழாத அத்தை அங்கேதான் அழுதார்.

சரி, பெயர் தெரிந்துவிட்டது. என்ன செய்வது? அடியோடு ஒழிக்கும் மருந்து இல்லை. வலியைக் குறைத்து நடமாட்டத்தைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சையின் நோக்கம். நடை, சைக்கிள், முக்கியமாகத் தண்ணீருக்குள் செய்யும் உடற்பயிற்சி. தண்ணீர் நாலா பக்கமும் அழுத்துவதும், உடம்பின் பாரத்தை ஏந்திக்கொள்வதும் இந்தக் கால்களுக்கு இதம். மசாஜ் என்று சொல்லி அடித்துப் பிசைந்து எண்ணெய் தேய்ப்பவர்களிடம் போகக் கூடாது, நீலம் பாய்வதுதான் பலன். இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்கள் இறகால் தடவுவது போல் மெல்லத் தடவும் முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் துணைச் சிகிச்சைகள். தினமும் காலையில் மாட்டி ராத்திரி கழற்ற வேண்டியது அழுத்தக் காலுறை. இங்கேதான் நம் பிரிவு வருகிறது!

அழுத்தக் காலுறை என்பது வெறும் இறுக்கமான சாக்ஸ் அல்ல. கணுக்காலில் எத்தனை மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கொடுக்கிறது என்பதை வைத்து அதற்கு வகுப்புகள் உண்டு. ஜெர்மானியத் தரத்தின்படி முதல் வகுப்பு 18 முதல் 21 வரை, இரண்டாவது 23 முதல் 32 வரை, மூன்றாவது 34 முதல் 46 வரை, நான்காவது 49க்கு மேல். 30 மி.மீ. பாதரசம் என்றால் சுமார் 41 செ.மீ. ஆழத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம். ஒரு உயரமான வாளித் தண்ணீரில் காலை விட்டால் பாதத்தில் விழும் அழுத்தம்தான். கேட்பதற்குச் சின்னதாகத் தெரிகிறது. ஆனால் அதை ஒரு துணியால் நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்!

மெக்கானிக்கல் நண்பர்களே, 'தின் சிலிண்டர்' கணக்குப் போடுவீர்களே, அதே கணக்குதான். துணியின் இழுவிசையைக் காலின் ஆரத்தால் வகுத்தால் அழுத்தம். லாப்லாஸ் விதி. கணுக்கால் சுற்றளவு 24 செ.மீ. என்று வையுங்கள். ஆரம் ஏறக்குறைய 3.8 செ.மீ. அங்கே 30 மி.மீ. அழுத்தம் வேண்டுமானால், ஒரு செ.மீ. அகலத் துணிப் பட்டை சுமார் 156 கிராம் எடையைத் தூக்கும் அளவு இழுத்து நிற்க வேண்டும். நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. இப்போது அதே இழுவிசையோடு 48 செ.மீ. சுற்றளவுள்ள கெண்டைக்காலுக்குப் போனால்? ஆரம் இரண்டு மடங்கு, அழுத்தம் பாதி, 15 மி.மீ. கீழே அதிகம், மேலே போகப் போகக் குறைவு. இந்த நோய்க்கு வேண்டியதும் அதுதான். தொடையில் அதிகம் இறுக்கிக் கணுக்காலில் தளர விட்டால், கீழே உள்ள நீர் மேலே ஏற வழியில்லாமல் தவிக்கும்.

ஆனால் துணியைப் பின்னும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பனியன் துணி பின்னும் ரவுண்டு மெஷினை எடுத்துக் கொள்ளுங்கள். டயா ஒன்று, ஊசிகளின் எண்ணிக்கையும் ஒன்று. கணுக்காலிலும் அதே எண்ணிக்கை கண்ணிகள், தொடையிலும் அதே எண்ணிக்கை. வித்தியாசம் கொடுக்க வேண்டுமானால் லூப் லென்த்தையும் எலாஸ்டிக் நூலின் இறுக்கத்தையும்தான் மாற்ற முடியும். அதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரணக் காலுக்கு இது போதும். கணுக்கால் மெலிந்தும் அதற்கு மேல் சட்டென்று பெருத்தும் இருக்கும் லிப்பிடீமா காலுக்குப் பல நேரம் போதாது. மெல்லிய மீள்தன்மையுள்ள துணி சதை மடிப்புக்குள் சுருண்டு இறங்கி, கயிறு கட்டியது போல் அறுக்கும். அத்தை முதலில் மருந்துக் கடையில் ரெடிமேடாக வாங்கிய காலுறை இப்படித்தான் முழங்காலுக்குப் பின்னால் புண் ஆக்கியது.

பிளாட் மெஷினில் கதை வேறு. வரிசைக்கு வரிசை ஊசிகளைக் கூட்டலாம், குறைக்கலாம். கால் எந்த இடத்தில் எவ்வளவு விரிகிறதோ துணியும் அப்படியே விரியும். பிறகு இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பின்னால் ஒரு தையல். துணி சற்றுக் கெட்டியாக, விறைப்பாக இருக்கும். மடிப்புக்குள் இறங்காமல் பாலம் போட்டது போல் மேலே நிற்கும். இதற்குக் காலின் அளவைக் காலையில், வீக்கம் ஏறுவதற்கு முன் பல இடங்களில் டேப் வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பின்ன வேண்டும். காலர் பின்னுவதற்கு என்று நாம் அலட்சியமாக நினைக்கும் இயந்திரத்துக்கு இப்படி ஒரு பெருமை!

எங்கள் குழுவின் புராஜெக்ட்டுக்கு இதையே எடுத்திருக்கிறோம். லேபில் உள்ள கையால் ஓட்டும் பிளாட் மெஷினில் நைலான் சுற்றிய எலாஸ்டிக் நூலை ஊடு நூலாகக் கொடுத்து மாதிரிகள் பின்னினோம். ஐந்து செ.மீ. அகலப் பட்டையில் 780 கிராம் தொங்கவிட்டு எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கிறோம். (156ஐ ஐந்தால் பெருக்கிய கணக்கு.) காலையில் சரியாக நிற்கிற பட்டை சாயங்காலம் கொஞ்சம் நெகிழ்ந்து விடுகிறது. எலாஸ்டிக் நூலின் குணம் அது. கடைகளில் விற்கும் காலுறையையே ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் இதனால்தான். தினமும் துவைக்க வேண்டும், வெயிலில் முறுக்கிப் போடக் கூடாது.

விலையைச் சொன்னால் மயக்கம் வரும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பிளாட் நிட் காலுறை ஒரு ஜோடி அத்தையின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. பின்னலாடையில் உலகத்துக்கே அனுப்பும் நம் பக்கத்தில் இதைப் பின்னுவது அவ்வளவு பெரிய மந்திரமா என்று எனக்கு ஆற்றாமை. அப்புறம் நம் ஊர் வெயில்! சித்திரை, வைகாசியில் கெட்டித் துணியைக் காலில் மாட்டிக்கொண்டு செக்கிங் டேபிளில் எட்டு மணி நேரம் நிற்பது என்ன பாடு என்பதைக் குளிர் தேசத்துப் புத்தகங்கள் சொல்வதில்லை. அத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழற்றிக் காற்றாட விட்டு மறுபடி மாட்டிக் கொள்கிறார். மாட்டுவதற்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் துணி வழுக்காது, நகமும் கிழிக்காது. இது பிசியோதெரபிஸ்ட் அக்கா சொல்லிக் கொடுத்த வித்தை. இன்னொன்று, கால் ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள் இதைப் போடவே கூடாது. டாக்டர் பார்த்துச் சொல்லாமல் யாரும் தானாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அறுவைச் சிகிச்சையும் உண்டு. தோலுக்கு அடியில் திரவத்தைச் செலுத்தி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. லைப்போசக்‌ஷன் என்றால் நமக்கு சினிமா நடிகைகள் ஞாபகம்தான் வரும். ஆனால் வலி தாங்காத லிப்பிடீமாவுக்கு இது அழகுக்காகச் செய்வது அல்ல. ஜெர்மனியில் இதைப் பற்றிப் பெரிய வாதமே நடந்தது. அங்கே மருத்துவக் காப்பீடு எதற்குப் பணம் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் கூட்டுக் குழு, நோய் முற்றிய மூன்றாம் நிலைக்கு மட்டும் செலவை ஏற்கலாம் என்று 2019ல் முடிவு செய்தது. பிறகு 2025 ஜூலையில், நிபந்தனைகளோடு, எல்லா நிலைகளுக்கும் என்று விரிவாக்கியது. நிலை என்பது தோலின் தோற்றத்தை வைத்துச் சொல்வது. வழவழப்பாக இருந்தால் முதல் நிலை, மேடும் பள்ளமுமாக இருந்தால் இரண்டாவது, பெரிய மடிப்புகள் தொங்கினால் மூன்றாவது. வலிக்கும் இதற்கும் நேர்க்கணக்கு கிடையாது. முதல் நிலையிலேயே துடிப்பவர்கள் உண்டு.

நம் கல்லூரியில் ஒரு மாணவிக்கு யாரோ வைத்த பட்டப்பெயரை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இங்கே எழுத மாட்டேன். அவர் ஆண்டு விழாவுக்கு வரவில்லை, விளையாட்டு விழாவுக்கும் வரவில்லை. அவருக்கு இந்த நோய் என்று நான் சொல்ல வரவில்லை, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் காலை யாராவது கேலி இல்லாமல் ஒருமுறை பார்க்க வேண்டுமே!

சந்தேகம் உள்ள மாணவிகள் அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பொது மருத்துவப் பிரிவில் காட்டி, ரத்தக் குழாய் பிரிவுக்கோ பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்கோ எழுதிக் கேட்கலாம். கூட்டத்தில் நமக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். பயத்தில் பாதி மறந்துவிடும். அதனால் கால் எந்த வயதில் பருக்க ஆரம்பித்தது, அம்மாவுக்கோ பாட்டிக்கோ இருக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா, அடிபடாமலே நீலம் பாய்கிறதா, பாதம் வீங்குகிறதா, செருப்பு நம்பர் மாறியதா என்பதை ஒரு தாளில் எழுதி, டாக்டர் சீட்டு எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அத்தையோடு முதல் மூன்று இடங்களுக்குப் போனபோது என் கையில் அப்படி ஒரு தாள் இல்லை. அவர்களும் கேட்கவில்லை.